மாதம் 60 வெள்ளி: சிங்கப்பூரில் நேரடி இசைக்கு அதை எங்கே செலவழிப்பது?

சாப்பாடு, வாடகை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக, பாட்டுக் கேட்பதற்கென்று மாதம் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் கேட்பதைச் சொல்லவில்லை, நேரில் போய்க் கேட்பதைச் சொல்கிறேன். அதிலும் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே மேடையேறும் சுயாதீனக் குழுக்களின் இசை. இந்த ஊரில் அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: இலவசத் திறந்தவெளி நிகழ்ச்சிகள், உள்ளூர்க் குழுக்களின் சின்ன அரங்கக் கச்சேரிகள், நாள் முழுக்க நடக்கும் பெரிய விழாக்கள், அப்புறம் எல்லை தாண்டிப் போவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்துப் போவதென்றால் சின்ன அரங்குக்குப் போங்கள். யாருக்குக் காசு கொடுப்பது என்று கண்டுபிடிக்க இலவச நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். பெரிய விழா வருடத்துக்கு ஒன்று போதும், அதுவும் பாதிக் குழுக்களையாவது உங்களுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தால்தான்.

நம்மில் பலருக்குக் கச்சேரி என்றதும் மனதில் வருவது இண்டோர் ஸ்டேடியத்தில் நடக்கும் சினிமா இசை நிகழ்ச்சி. அதன் நடுத்தர டிக்கெட்டே 100 வெள்ளியைத் தாண்டிவிடும், அந்த இடத்திலிருந்து பார்த்தால் பாடுபவரின் முகம் பெரிய திரையில்தான் தெரியும். பல வருடமாகக் கேட்டு வளர்ந்த பாடலை ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து பாடுவது பெரிய சந்தோஷம்தான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே 100 வெள்ளியில் மூன்று நான்கு சின்னக் கச்சேரிகள் கேட்கலாம் என்பது நிறையத் தமிழர்களுக்குத் தெரியாமலே இருக்கிறது, இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் இலவசம். மரினா பே கரையிலுள்ள எஸ்பிளனேட் கலை அரங்கம் 2002 அக்டோபரில் திறந்தது. முள்நாறிப் பழம் (டுரியான்) மாதிரி இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனால் வெளியரங்கம் இருக்கிறது. வாரக் கடைசி மாலைகளில் அங்கே யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள், ஒரு குழு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை வாசிக்கும், இடைவெளி விட்டு மறுபடி வரும். துவாஸில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “அக்கா, அங்க உள்ள போக டிக்கெட் எவ்வளவு?” என்று கேட்டார். “டிக்கெட்டே கிடையாது தம்பி, நேரா வந்து உட்காருங்க” என்றேன். வாசலில் யாராவது நிறுத்துவார்களோ என்று அவருக்குத் தயக்கம். நிறுத்துவதற்கு அங்கே வாசலே இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரோ, சுற்றுலாப் பயணியோ, குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாத்தாவோ, யார் வந்தாலும் உட்காரலாம். வாரத்தில் ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான நேரம் வேறில்லை. எட்டு மணி வாக்கில் கேட்டுவிட்டுக் கிளம்பினாலும் தூங்குவதற்குள் விடுதி போய்ச் சேரலாம்.

அதே இடத்தில் நடக்கிறது பேபீட்ஸ். 2002-இல் தொடங்கிய மாற்று இசை விழா, இன்றுவரை இலவசம். ராக், பங்க், மெட்டல், எலக்ட்ரானிக், மெல்லிய கிட்டார்ப் பாட்டு என்று பல மேடைகளில் சில நாள்களுக்கு நடக்கும். இளம் குழுக்களைத் தேர்வு வைத்து எடுத்து, அனுபவமுள்ள கலைஞர்களிடம் பயிற்சிக்கு விட்டு, அதே விழாவில் மேடையேற்றும் திட்டம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. அந்த இளம் குழுக்களின் நேரத்தைத் தவறவிடாதீர்கள் என்பேன். பாஸ் கிட்டார் வாசிக்கும் பெண் முதல் பாட்டு முடிகிற வரை தலையே நிமிரமாட்டாள், மூன்றாவது பாட்டில் டிரம்மரைப் பார்த்துச் சிரிப்பாள், அந்த இடத்திலிருந்து முழுக் குழுவும் வேறு மாதிரி வாசிக்க ஆரம்பிக்கும். பெரிய மேடைகளில் இதைப் பார்க்கவே முடியாது, அங்கே வருகிறவர்கள் எல்லாரும் இதைக் கடந்து வந்தவர்கள். உள்ளரங்க மேடைகளில் மட்டும் இடம் குறைவு, வரிசை நீளும், கொஞ்சம் முன்கூட்டியே போய்விடுங்கள்.

இலவசம் என்பதால் குறை இல்லாமல் இல்லை. வெளியரங்கத்துக்கு மேலே கூரை இருந்தாலும் காற்றோடு அடிக்கும் மழையில் ஓரத்தில் இருப்பவர்கள் நனைவார்கள், இடி மின்னல் நெருங்கினால் நிகழ்ச்சியை நிறுத்தவும் செய்வார்கள். சுற்றி நடந்துபோகிறவர்களின் பேச்சு, குழந்தைகளின் அழுகை எல்லாம் கலந்துதான் கேட்கும். சின்னச் சின்ன நுணுக்கம் உள்ள இசைக்கு அது சரிப்படாது. நான் சொல்லக்கூடிய ஒரே உபாயம், ஒலிக் கட்டுப்பாட்டு மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் உட்காருவது. ஒலி அமைப்பவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் அத்தனை பொத்தானையும் திருப்புகிறார், அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். மேடைக்கு மிக அருகே ஒலிபெருக்கிக்கு நேராக உட்கார்ந்தால் டிரம்ஸ் மட்டும் நெஞ்சில் அடிக்கும், பாட்டு வரிகள் காணாமல் போய்விடும்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு வசதி உண்டு. எஸ்பிளனேட்டின் கலா உத்சவம், இந்தியக் கலை விழா, பெரும்பாலும் நவம்பரில் வரும். அரங்குக்குள் நடப்பவற்றுக்கு டிக்கெட், முகப்புக் கூடத்திலும் வெளியரங்கத்திலும் நடப்பவை இலவசம். கர்நாடக சங்கீதத்தை ஜாஸோடு சேர்க்கும் ராகாஜாஸ், சித்தாரை மின் கிட்டாரோடு சேர்த்து வாசிக்கும் ஃபிளேம் ஆஃப் தி ஃபாரஸ்ட் போன்ற சிங்கப்பூர்க் குழுக்களைத் தேடிக் கேளுங்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கலந்து ராப் செய்யும் யங் ராஜாவும் நம் ஊர்க்காரர்தான். வீட்டுப் பெரியவர்களைச் சுயாதீன இசைக்கு அழைத்துப்போக வேண்டும் என்றால் இந்த வாசல் வழியாகத்தான் அழைத்துப்போக வேண்டும். மிருதங்கமோ சித்தாரோ ஒன்று காதில் பட்டால் போதும், டிரம்ஸை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தாவரவியல் பூங்காவில் சிம்ஃபனி ஏரி மேடையில் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளும் நல்லவை, புல்தரையில் பாய் விரித்து வீட்டுச் சாப்பாட்டோடு கேட்கலாம், ஆனால் அங்கே சுயாதீனக் குழுக்கள் வருவது குறைவு.

சரி, இப்போது காசு கொடுக்கும் இடத்துக்கு வருவோம்.

உள்ளூர்க் குழுக்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரே இரவில் வாசிக்கும் சின்னக் கச்சேரிக்கு டிக்கெட் பெரும்பாலும் 20 முதல் 40 வெள்ளிக்குள் இருக்கும், முன்கூட்டியே வாங்கினால் வாசலில் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறையும். கம்போங் கிளாமில் உள்ள அலிவால் கலை மையம், எஸ்பிளனேட்டின் சின்ன ஸ்டுடியோக்கள், கடைவீட்டு மாடி ஒன்றில் இருக்கும் மது அருந்தகம் என்று இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இடம் மாறுவதற்குக் காரணம் உண்டு. சின்ன அரங்கை நடத்துவது இங்கே மிகவும் சிரமம், வாடகையும் அக்கம்பக்கத்தாரின் சத்தப் புகாரும் விடாது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 1990-இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையம் எத்தனையோ குழுக்களுக்கு முதல் மேடை கொடுத்தது, அதுவே 2021-இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் 25 வெள்ளி டிக்கெட் ஒன்று வாங்குவது பெரிய காரியம் என்று நான் மனதார நம்புகிறேன். இலவச நிகழ்ச்சியில் கூட்டத்தில் ஒருவராக இருக்கிறீர்கள். எண்பது பேர் வரும் கச்சேரியில் நீங்கள் போனீர்களா இல்லையா என்பது அந்தக் குழுவின் கணக்கில் தெரியும்.

உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று போகாதவர்களுக்குச் சொல்கிறேன். நாற்காலி இருக்காது. மேடை முழங்கால் உயரம்தான். ஒரு குழு வாசித்து முடித்ததும் அவர்களே தங்கள் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளைக் கழற்றிப் பையில் போடுவார்கள், அடுத்த குழு தன்னுடையதை மாட்டும், அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில் எல்லாரும் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். கதவோரம் ஒரு மடக்கு மேசை, அதில் டிசட்டை, ஒட்டுவில்லை, கேசட்டு கூட இருக்கும், பக்கத்தில் பேநவ் கியூஆர் அட்டை. மேசைக்குப் பின்னால் நின்று “எந்த சைஸ் வேணும்?” என்று கேட்பவர் பத்து நிமிடத்துக்கு முன் மேடையில் தொண்டை கிழியக் கத்திப் பாடியவராக இருப்பார். அவரிடம் அந்த இரண்டாவது பாட்டு எதைப் பற்றி என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்வார். இந்த நெருக்கத்தை எந்தப் பெரிய விழாவிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. டிசட்டை வாங்கப் பணம் இல்லை என்றால் ஒட்டுவில்லை வாங்கலாம், அதுவும் முடியாவிட்டால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சின்ன அறையில் சத்தம் அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில் இசை நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறது, தாழ்ந்த கூரையும் கான்கிரீட் சுவரும் உள்ள அறையில் அந்த அளவை எட்டுவது ரொம்பச் சுலபம். மருந்துக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் காதடைப்பான் ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். மறுநாள் காலையில் காதுக்குள் ரீங்காரம் கேட்டால் அது நல்ல கச்சேரிக்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது காதுக்கு ஏற்படும் காயம்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்த வழி இன்னும் மலிவாகிறது. 2025-இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 100 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள், 2025 செப்டம்பர் 1-இலிருந்து 2028 டிசம்பர் 31 வரை செல்லும். உள்ளூர்க் கலைஞர்களின் தகுதிபெற்ற நிகழ்ச்சிகளுக்குத்தான் அது, வெளிநாட்டு நட்சத்திரத்தின் கச்சேரிக்கு ஆகாது. டிக்கெட் விற்கும் எல்லா இடத்திலும் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட டிக்கெட் தளங்களில் மட்டும். நிறையப் பேர் அதை அப்படியே தூங்க விட்டிருக்கிறார்கள். வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தால் 400 வெள்ளி, ஒரு வருடம் முழுக்க ஆளுக்கு இரண்டு மூன்று கச்சேரி போகலாம். நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் இது இல்லை, அவர்கள் முன்பதிவுச் சலுகையைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கும் பெரிய விழாவுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது, வெளிநாட்டுச் சுயாதீனக் குழு தனியாக வந்து நடுத்தர அரங்கில் வாசிப்பது. 60-இலிருந்து 130 வெள்ளி வரை ஆகும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இவை அதிகம் வரும், ஏனென்றால் ஆஸ்திரேலியக் கோடைக்கால விழாக்களுக்குப் போகிற குழுக்கள் போகிற வழியிலோ வருகிற வழியிலோ இங்கே ஒரு இரவு தங்கிப் பாடிவிட்டுப் போகின்றன. உங்களுக்கு உயிரான ஒரு குழு இருந்தால் ஒன்றரை மாதக் காசைச் சேர்த்து இதற்குப் போவது சரி. விழா மேடையில் அதே குழு நாற்பது நிமிடம் வாசித்துவிட்டு இறங்கிவிடும், தனிக் கச்சேரி என்றால் ஒன்றரை மணி நேரம் வரை கிடைக்கும்.

பெரிய திறந்தவெளி விழாக்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. மெல்போர்னில் பிறந்த லேன்வே விழா 2011-இல் ஃபோர்ட் கேனிங்குக்கு வந்தது, 2013-இலிருந்து கரையோரப் பூந்தோட்டத்தின் புல்வெளியில் நடந்தது, 2018-க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. அதைப் பார்த்து இன்னும் சில விழாக்கள் வந்தன, அவையும் நிலைக்கவில்லை. வெறும் புல்தரையில் மேடை, மின்சாரம், கழிப்பறை, மழைக்கூரை எல்லாம் புதிதாகக் கட்டி, ஒரே நாளில் பிரித்தெடுத்து, கடல் கடந்து குழுக்களை வரவழைப்பதற்கு ஆகும் செலவெல்லாம் டிக்கெட்டின் தலையில் விழுகிறது. 150 வெள்ளிக்குக் குறைவாக ஒரு முழு நாள் டிக்கெட் கிடைப்பது அபூர்வம். அது டிக்கெட் மட்டும். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர விடமாட்டார்கள், உள்ளே ஒரு தட்டு நூடுல்ஸும் ஒரு பானமும் உணவங்காடி விலையைப்போல் மூன்று மடங்கு. குடை திறக்க அனுமதி இருக்காது, மழைச்சட்டை தனியாக வாங்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் நின்று மூன்றாவது குழு வரும்போதே பாதித் தெம்பு போய்விடும், சூரியன் மறைய ஏழு மணி ஆகும், நீங்கள் காத்திருந்த குழு ஒன்பதரைக்கு வரும்போது கால் வலியைத் தவிர வேறெதுவும் மனதில் இருக்காது.

அப்படியும் போகலாம், எப்போதென்றால் பட்டியலில் தனித்தனியாகக் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய குழுக்கள் மூன்று நான்கு இருக்கும்போது. அப்போது கணக்குத் தேறும். பட்டியல் வெளிவருவதற்கு முன்பே விற்கும் மலிவு டிக்கெட்டை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை, யார் வருகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு மாதக் காசைக் கொடுப்பது இந்தப் பட்ஜெட்டுக்குப் பொருந்தாது. போனால், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காலிப் போத்தலை உள்ளே விடுகிறார்களா என்று விதிமுறையில் பாருங்கள், விட்டால் குழாய்த் தண்ணீரே போதும். எஃப்1 பந்தயத்தோடு வரும் கச்சேரிகளையும் சிலர் கேட்கிறார்கள். கார்ப் பந்தயமும் பிடித்தவர்களுக்கு அது நல்ல பேரம், பாட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

எல்லை தாண்டுவதில் இரண்டு விதம். கோலாலம்பூரில் அதே வெளிநாட்டுக் குழுவின் டிக்கெட் நம் வெள்ளிக் கணக்கில் பல நேரம் மலிவாக இருக்கும், ஆனால் ஐந்தாறு மணி நேரப் பேருந்து, சோதனைச் சாவடி நெரிசல், ஓர் இரவு அறை வாடகை எல்லாம் சேர்ந்ததும் மிச்சப்பட்டது கரைந்துவிடும். கோலாலம்பூரில் தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு இருந்தால் மட்டும் யோசியுங்கள். 2023-இல் நடந்த ஒரு விழா, ஒரு பிரிட்டிஷ் குழு மேடையில் செய்ததற்காகப் பாதியிலேயே ரத்தானது, மீதி நாளுக்காகப் பயணம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த ஆபத்தையும் கணக்கில் வையுங்கள்.

மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகரான கூச்சிங் வேறு கதை. 1998-இல் தொடங்கிய மழைக்காடு உலக இசை விழா சந்துபோங் மலையடிவாரத்தில், சரவாக் கலாசாரக் கிராமத்தில் வழக்கமாக நடந்துவருகிறது. பகலில் நீள்வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து பல நாட்டுக் கலைஞர்களின் பட்டறைகளைக் கேட்கலாம். சாப்பே என்ற தந்திக் கருவி வாசிக்கும் சரவாக்காரரும், எங்கோ தூர தேசத்திலிருந்து வந்த தோல் கருவிக்காரரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் சேர்ந்து வாசித்துப் பார்ப்பதை இரண்டு கை தூரத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். டிக்கெட், விமானம், தங்குமிடம் சேர்த்தால் ஆறேழு மாத ஒதுக்கீடு போய்விடும், இருந்தாலும் இங்கே நடக்கும் எந்தப் பெரிய விழாவையும்விட அந்தக் காசுக்கு இது அதிகம் கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை வந்தது, புறப்படும் முன் அது தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு செல்லுபடியாகும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

தொண்டூழியராகப் போனால் இலவசமாகப் பார்க்கலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விழா எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ள அருமையான வழி. பாட்டுக் கேட்பதற்கான வழி என்று நினைத்துப் போகாதீர்கள், நீங்கள் காத்திருந்த பாட்டு ஒலிக்கும்போது உங்களுக்கு வாகன நிறுத்தத்தில் வேலை கொடுத்திருப்பார்கள்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றதும் டெலிகிராமிலும் மறுவிற்பனைத் தளங்களிலும் தேடாதீர்கள். பணம் அனுப்பியதும் விற்றவர் காணாமல் போகும் கதை இந்த ஊரில் ஒவ்வொரு பெரிய கச்சேரிக்கும் நடக்கிறது, ஒரே கியூஆரைப் பத்துப் பேருக்கு விற்பதும் நடக்கிறது. சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடி உதவி எண்ணில் கேட்டுவிடலாம். சின்னக் கச்சேரிக்கு இந்தத் தொல்லையே இல்லை, வர முடியாதவர் யாராவது இருந்தால் குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே வாங்கிய விலைக்குக் கொடுத்துவிடுவார்.

கடைசியாக, வீடு திரும்பும் வழி. எம்ஆர்டியில் ஒரு வழிக்கு இரண்டு வெள்ளி சொச்சம். நள்ளிரவு தாண்டினால் டாக்சி மீட்டரில் பாதிக் கட்டணம் கூடுதல், உட்லண்ட்ஸுக்கோ ஜூரோங் வெஸ்ட்டுக்கோ 30 வெள்ளியைத் தாண்டும், அதாவது இன்னொரு கச்சேரி டிக்கெட். முன்பு வாரக் கடைசியில் ஓடிய இரவுப் பேருந்துகளும் 2020-இல் நின்றவை நின்றவைதான். அதனால் டிக்கெட் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: கடைசிக் குழு எத்தனை மணிக்கு ஏறுகிறது, பக்கத்து எம்ஆர்டி நிலையத்தில் உங்கள் திசைக்குக் கடைசி ரயில் எப்போது, நடந்து போக எவ்வளவு நேரம். நேரம் பத்தவில்லை என்றால் குழுவின் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள், மேடை நேரங்களைப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அதே திசையில் போகிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு டாக்சிக் காசைப் பங்கு போட முடிந்தால் கடைசிப் பாட்டு வரைக்கும் நிற்கலாம். முடியாவிட்டால் பதினொன்றே காலுக்கு வெளியே வந்துவிடுங்கள்.